கருங்கயத்தில் குமிழி விட்டது யார்?

அத்தியாயம் ஆறு

பொறியாளர் நாறும்பூநாதன் எங்களுக்குக் காட்டிய ஆல்பத்தில் நூற்றுப்பத்துப் புகைப்படங்கள் இருந்தன. நூற்றுப்பத்திலும் அவர் இருந்தார். அணை சிலவற்றில்தான் இருந்தது.

1998 ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, காலை எட்டரை மணி. மலையடிவாரத்தில் கருங்கயம் அணையை ஒட்டி, அதைக் கட்டிய மின்சார நிறுவனத்தின் விருந்தினர் மாளிகை. ஆல்பத்தைப் பொறுமையாகப் புரட்டிக்கொண்டிருந்தவர் வேணி அக்கா. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். அவருடைய ஒரே உதவியாளன் இசக்கிமுருகன் என்கிற நான். துப்பறியும் நிலையம் என்றதும் துப்பாக்கி, தொப்பி என்று கற்பனை வேண்டாம். மாப்பிள்ளை குடிப்பாரா, வேலை நிரந்தரமா, வேறு எங்காவது ஒரு குடும்பம் உண்டா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. ஆறு மாதத்துக்கு முன்னால் விஜயஸ்ரீ என்ற பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளையை நாங்கள் விசாரித்தோம். கல்யாணம் நின்றது. அந்த நன்றியை மறக்காமல், இப்போது தன் வேலையைக் காப்பாற்றித் தரச் சொல்லி எங்களிடமே வந்திருந்தாள்.

விஜயஸ்ரீ சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். ஒரு வருடமாக இந்த அணைக்கு வந்து, தண்ணீருக்குள் புனலைக் கவிழ்த்துப் பிடித்து, அடியிலிருந்து வரும் குமிழிகளைப் பாட்டிலில் அடைத்தாள். பன்னிரண்டு பாட்டில், பன்னிரண்டிலும் மீத்தேன். சாண எரிவாயுத் தொட்டியில் உண்டாகிற அதே வாயுதான். மரம் செடிகளோடு நிலத்தை மூழ்கடித்தால் அவை அடியில் காற்றில்லாமல் அழுகும், அதிலிருந்து இந்த வாயு கிளம்பும், இது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும் என்று கட்டுரை எழுதினாள். குளிர் நாட்டு அணைகளில் இந்த அழுகல் மெதுவாக நடக்குமாம். பழைய சோறு ஊட்டியில் நாலு நாள் தாங்கும், திருநெல்வேலி வெயிலில் மறுநாளே நுரைத்துவிடும். அவள் அறுபது பக்கத்தில் எழுதியது எனக்குப் புரிந்த அளவில் இவ்வளவுதான்.

நிறுவனத்துக்கு இது கசந்தது. ‘கரி இல்லை, புகை இல்லை, பாவம் இல்லை’ என்று வழவழத் தாளில் அச்சடித்து, சுத்தமான மின்சாரம் என்று வெளிநாட்டில் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். பாவத்தைப் பற்றிச் சான்று கொடுக்கும் அலுவலகம் எந்த நாட்டில் இருக்கிறதோ தெரியாது. நாறும்பூநாதன் உடனே கல்லூரிக்குப் புகார் எழுதினார். முக்கூடலில் விஜயஸ்ரீயின் அப்பா வீட்டில் சாண எரிவாயுத் தொட்டி இருக்கிறது, அதிலிருந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து ஊரை ஏமாற்றுகிறாள் என்று. தொட்டி இருப்பது உண்மை. இரண்டு வாயுவும் ஒரே குடும்பம். எது அணையில் பிறந்தது, எது தொட்டியில் பிறந்தது என்று பிரித்துச் சொல்ல எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. பொய்யை நன்றாகத்தான் பொறுக்கி எடுத்திருந்தார். கல்லூரியும் அவளை ஏமாற்றுக்காரி என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டது. மதியம் மூன்று மணிக்குக் கல்லூரிக் குழு கூடி அவளை வேலையிலிருந்து நீக்கப்போகிறது. ‘ஏமாற்றுக்காரி’ என்ற பெயரோடு வெளியே வந்தால் அவளுக்கு இந்த ஜில்லாவில் எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்காது.

“ரெண்டு வருசத்துல நாப்பது எடத்துல அளந்திருக்கோம் மேடம்,” என்றார் நாறும்பூநாதன். “அதே வள்ளம், அதே வள்ளக்காரன், அதே தண்ணி. எங்களுக்கு ஒரு குமிழி வரல. அந்தப் பிள்ளைக்கு மட்டும் பொங்குதாக்கும்?”

ஆளைப் பார்த்துப் பொங்குகிற அணையாக இருக்கும் என்றேன். அவர் என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

அணையில் தண்ணீர் தேக்குமுன் மரங்களை என்ன செய்தீர்கள் என்று வேணி அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அவர் கோப்பைத் திறந்தார். மூழ்கும் பரப்பிலிருந்த எல்லா மரங்களும் 1989-இல் வேரோடு அகற்றப்பட்டன என்று ஒரு பக்கம், கீழே அவருடைய கையெழுத்து. அக்கா நகல் கேட்டதும் தாராளமாகக் கொடுத்தார். ஆல்பத்திலிருந்து ஒரு படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். தன் படத்தை ஒருவர் விரும்பிக் கேட்டதில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

வெளியே வந்ததும் நான் வழக்கை முடித்துவிட்டேன். அதே வள்ளம், அதே தண்ணீர் என்றால் மாறியது வள்ளக்காரன் மனசுதான். நிறுவனக்காரர்கள் அவனைக் கைக்குள் போட்டுக்கொண்டு, குமிழி வரும் இடத்தைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மறுக்கவில்லை. “வா, அவர்ட்டயே கேப்போம்,” என்றார்.

வள்ளக்காரர் மந்திரமூர்த்திக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய வயல் அணைக்குள் இருக்கிறது. அவர் அதன்மேல் துடுப்புப் போடுகிறார். அரை மணி நேரம் எங்களைச் சுற்றிக் காட்டினார். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினார். குமிழி வந்த இடத்துக்கு விஜயஸ்ரீயால் அடையாளம் சொல்ல முடியவில்லை, வள்ளக்காரர் கூட்டிப்போன இடம் என்றுதான் சொல்லியிருந்தாள். அவள் கொடுத்தனுப்பிய புனலை ஐந்து இடத்தில் கவிழ்த்துப் பிடித்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. வேணி அக்காவின் முகம் இறுகியது. மணி பத்தரை.

நான் விசாரணையைக் கையில் எடுத்தேன். அணைக்காரர்கள் எதைக் கொடுத்து உங்கள் வாயை அடைத்தார்கள் அண்ணாச்சி என்று நேராகவே கேட்டேன். மந்திரமூர்த்தி கோபப்படவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து வள்ளத்தின் அடியையே பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குனிந்துவிட்டது என்று நான் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவரோ கரைக்குத் திருப்பச் சொல்லிவிட்டார்.

கரையில் என் எம்-80 வண்டியின் சீட்டில் அக்கா இரண்டு படங்களைப் அருகருகே வைத்தார். ஒன்று நாறும்பூநாதன் ஆல்பத்தில் இருந்து, வள்ளத்தில் ஐந்து அதிகாரிகள். மற்றது விஜயஸ்ரீயின் கட்டுரையில் இருந்தது. அதே வள்ளத்தில் அவள்.

“வித்தியாசம் சொல்லு பாப்போம்.”

“இதுல ஒரு பொண்ணு. அதுல அஞ்சு தொப்பை.”

“கீழ பாருல. தொப்பைக்கும் கீழ.”

பார்த்தேன். அதிகாரிகள் ஐவரும் பளபளக்கும் ஷூ போட்டிருந்தார்கள். விஜயஸ்ரீ வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். பக்தி ஒன்றுமில்லை. வள்ளத்தின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசிந்து நிற்கும், செருப்பு ஊறி இரண்டு தடவை அறுந்துபோனது, அதனால் கரையிலேயே கழற்றிவிடுவேன் என்று அவள் எங்களிடம் முந்தின நாளே புலம்பியிருந்தாள். மந்திரமூர்த்தி குனிந்து எதைப் பார்த்தார் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. நேற்று வாங்கிய என் கேன்வாஸ் ஷூவை.

அக்கா செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். இரண்டு பேரும் வெறுங்காலோடு மறுபடி ஏறி உட்கார்ந்தோம். எங்கே போக வேண்டும் என்று அக்கா சொல்லவில்லை. மந்திரமூர்த்தி எங்கள் கால்களை ஒரு தடவை பார்த்தார், பிறகு துடுப்பைப் போட்டார். வள்ளம் தானாக இடது பக்கம் திரும்பி, இரண்டு பாறைகளுக்கு நடுவே மடுப்போல ஒதுங்கிய ஒரு கிளைக் கயத்துக்குள் நுழைந்தது. கோடையில் நீர் இறங்கி, கருத்த மரக்கிளைகளின் நுனிகள் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றல்ல, ஐம்பது அறுபது. வேரோடு அகற்றப்பட்ட மரங்கள்!

புனலைக் கவிழ்ப்பதற்குள் குமிழிகள் வந்துவிட்டன. கொதிக்கிற உலைபோல அங்கங்கே பொங்கி உடைந்தன. பாட்டில் பாதி நிறையப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

“இங்கன அடியில எங்க கயத்தடி சாஸ்தா இருக்காரும்மா,” என்றார் மந்திரமூர்த்தி. “செருப்புக் காலோட அவரு தலைக்கு மேல யாரக் கொண்டு போவேன்? அதிகாரிமாருட்ட, ஐயா, செருப்பக் கழத்துங்கன்னு நான் சொல்ல முடியுமா? அதான் ஒண்ணும் சொல்லாம, பைய அந்தப் பக்கமா சுத்திக் கொண்டு போயிருவேன். அந்தப் பிள்ள வெறுங்காலோட வந்துச்சு. இங்கன கூட்டிட்டு வந்தேன்.”

இந்த மனிதரைத்தான் விலைபோனவர் என்றேன். இரண்டு வருடம், நாற்பது இடம், வெளிநாட்டுக் கருவிகள், ஐந்து பட்டதாரிகள். ஒரு வள்ளக்காரரிடம் இங்கே ஏன் போகவில்லை என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. குனிந்து ஷூவைக் கழற்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கடைசியில் கருங்கயத்தில் வாயு இல்லை என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் அளந்தது தங்கள் ஷூவை.

மரங்களை ஏன் வெட்டவில்லை என்று அக்கா கேட்டார். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மற்ற இடமெல்லாம் மொட்டையடித்துவிட்டு, சாஸ்தா தோப்பில் மட்டும் கோடரி வைக்க மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். எண்பது ஏக்கர் தோப்பு அப்படியே மூழ்கியது.

“இஞ்சினியர் சம்மதிச்சாராக்கும்?” என்றார் அக்கா.

“சம்மதிக்காம? அவியளுக்கும் இதான குலசாமி.” மந்திரமூர்த்திக்கு, வேணி அக்கா அதுகூடத் தெரியாமல் வந்திருக்கிறாரே என்று ஆச்சரியம். “பங்குனி உத்திரத்துக்கு வருசம் தவறாம குடும்பத்தோட வந்துருவாவ. இந்தா, பதினஞ்சு நாளைக்கு முன்னகூட நான்தான் கூட்டிட்டு வந்தேன். அணை வந்தபெறகு சாமி ரொம்பத் துடியாயிட்டாரு. மூணு தடவ எழுப்பிட்டுக் கற்பூரம் காட்டுனா, தண்ணியில தீயா எந்திச்சு நிப்பாரு.”

அக்கா புனலை வள்ளத்துக்குள் வைத்தார். பிறகு, காட்ட முடியுமா என்று பணிவாகக் கேட்டார். மந்திரமூர்த்தி நீளமான மூங்கில் கழியை எடுத்து அடிச் சகதியில் மூன்று தடவை ஊன்றி இழுத்தார். தண்ணீர் கரகரவென்று குமிழியிட்டது. தேங்காய்ச் சிரட்டையில் கற்பூரத்தைக் கொளுத்தி அதன்மேல் மிதக்கவிட்டார். பக்கென்று ஒரு நீலத் தீ இடுப்பளவு எழுந்து, சற்று நின்று, அடங்கியது. எட்டிப் பார்த்த எனக்கு இடது புருவத்தில் பாதி போனது. மந்திரமூர்த்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்காவும் கைகூப்பினார்.

அவரிடம் அதை வாயு என்று அக்கா சொல்லவில்லை. ஏன் என்று நான் வண்டியில் வரும்போது கேட்டேன். அவர் யாரையும் ஏமாற்றவில்லையே, அவரிடம் போய் நான் எதற்காகப் பேச வேண்டும் என்றார். பாட்டில் பின்சீட்டில் அக்கா மடியில் இருந்தது. அதை வைத்துப் பயனில்லை என்றும் சொன்னார். எத்தனை பாட்டில் கொண்டுபோனாலும் சாணம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நாறும்பூநாதன் வாயே சாட்சி சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்குக் கல்லூரிக் குழு அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செயலாளர் குமரகுருபரன். அவருக்கு வலப்பக்கம் பிரம்மநாயகி அம்மாள். கல்லூரிக்கு இடம் கொடுத்த குடும்பம் என்பதால் குழுவில் நிரந்தர உறுப்பினர். நாறும்பூநாதனின் மனைவியும் அவர்தான். புகார் கொடுத்தவரின் மனைவி தீர்ப்புச் சொல்லும் குழுவில் இருக்கலாமா என்று அங்கே யாருக்கும் கேள்வி எழவில்லை. விஜயஸ்ரீக்கு நாற்காலி போடவில்லை. ஓரமாக நின்றாள். உதடு காய்ந்திருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

நாறும்பூநாதன் எங்கள் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தார். முக்கூடல் போய் நிரப்பிக்கொண்டு வர மதியம் வரை ஆகியிருக்குமே என்றார். குழுவில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். வேணி அக்கா பாட்டிலை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, திருநெல்வேலிச் சீமையில் குலசாமியை அறிய யாரும் யாரிடமும் கேட்கிற கேள்வியைப் பிரம்மநாயகி அம்மாளிடம் கேட்டார். உங்களுக்கு எந்தச் சாஸ்தா?

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. கயத்தடி சாஸ்தா, கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு பங்குனி உத்திரம்கூடத் தவறியதில்லை என்றார். தண்ணீருக்குள் போன பிறகும் சாமி கைவிடவில்லை, இந்த வருடம் தீ இவ்வளவு உயரம் நின்றது என்று கையை உயர்த்திக் காட்டினார். தன் கணவரே கற்பூரம் ஏற்றியதாகவும் பெருமையாகச் சொன்னார். நாறும்பூநாதன் சிரிப்பை நிறுத்தியிருந்தார். இது விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது என்றார்.

அக்கா மரம் அகற்றிய பக்கத்தின் நகலை எடுத்து அந்த அம்மாள் முன்னால் வைத்தார்.

“சார் கையெழுத்துதானம்மா இது? எல்லா மரத்தையும் வேரோட எடுத்தாச்சுன்னு எழுதியிருக்காவ. சாஸ்தா தோப்பையும் வெட்டிட்டாவளா?”

பிரம்மநாயகி அம்மாள் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் எந்த இஞ்சினியரும் நிற்க முடியாது.

“வெட்டல,” என்றார் நாறும்பூநாதன் அவசரமாக. “அத எவன் வெட்டுவான்? குடும்பம் வெளங்குமா?”

“அப்ப இந்தக் காகிதம்?” என்றார் செயலாளர்.

மரங்கள் இப்போது எங்கே என்று அக்கா கேட்டார். தண்ணீருக்குள் என்று முணுமுணுத்தார் அவர். ஒன்பது வருடமாக அங்கே என்ன செய்கின்றன என்று அடுத்துக் கேட்டார் அக்கா. ஓரத்தில் நின்ற விஜயஸ்ரீதான் சொன்னாள். “அழுகுது.”

அது ஏதோ ஒரு மூலை, ஒரு மூலையை வைத்து அணையைச் சொல்லக்கூடாது என்றார் நாறும்பூநாதன். அந்த மூலை எண்பது ஏக்கர் என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அக்கா என்னைக் கையமர்த்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“சார், அன்னைக்கு நீங்க ஏத்துன தீ சாமின்னா, சாமின்னு எழுதிக் குடுங்க. நான் மறுத்துப் பேசமாட்டேன். வெளிநாட்டு விண்ணப்பத்துலயும் அத ஒரு வரி சேத்துருங்க. இல்ல, வாயுன்னா வாயுன்னு எழுதுங்க. ரெண்டுல எதுன்னு இப்பமே சொல்லணும்.”

நாறும்பூநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சாமி என்றால் நிறுவனம் அவரைப் பைத்தியம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். வாயு என்றால் விஜயஸ்ரீ பாட்டிலில் இருந்தது உண்மை. அவர் மனைவியைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார்.

“வாயுதான். மொத வருசமே தெரியும்.”

பிரம்மநாயகி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“அப்ப ஒம்பது வருசமா என்னய எதக் கும்பிட வச்சிய?”

அதற்கு அவரிடம் கோப்பு இல்லை.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மனதோடு விஜயஸ்ரீயைப் பார்த்துச் சிரித்தார். நடந்தது நடந்துபோச்சும்மா, யாரும் மனசுல வச்சுக்க வேண்டாம், திங்கட்கிழமை வந்து வழக்கம்போலப் பாடம் எடு என்றார். ஏதோ அவர் தானம் கொடுக்கிற மாதிரி இருந்தது. நானாக இருந்தால் அழுது கும்பிட்டுவிட்டு ஓடியிருப்பேன். விஜயஸ்ரீ நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

“ஏமாத்துக்காரின்னு நீங்க சொன்னது எழுத்துல சார். பிள்ளைக எல்லாம் படிக்கட்டும்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டுனிய. அப்படி இல்லன்னும் எழுதி, அங்கனயே ஒட்டுங்க. ஒட்டுன பெறகு வாரேன்.”

செயலாளர் வழக்கம்போலப் பிரம்மநாயகி அம்மாளின் முகத்தைப் பார்த்தார். எழுதிக் கொடுப்பதா, இந்தப் பெண்ணை அடக்குவதா என்று அவர் கண் கேட்டது. அந்த அம்மாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கணவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“ரெண்டு காப்பியா அடிக்கச் சொல்லுங்க. ஒண்ணு எனக்கு வேணும். எங்க வீட்டு வாசல்ல ஒட்டணும்.”